'ஜாக்ரிதி' முதல் 'கோட்டா ஃபேக்டரி' வரை: திரையில் வாழும் ஆசிரியர்கள் சொல்வது என்ன?

அடங்காத ஒரு வகுப்பு. அதைக் கைகழுவிவிட்ட நிர்வாகம். அங்கே புதிதாக வந்து சேரும் ஓர் ஆசிரியர். முதலில் கேலி, பின்னர் மோதல், இறுதியில் மாணவர்களின் கண்ணீரும் வெற்றியும். இந்தியத் திரைப்படங்கள் எந்த மொழியில் எடுக்கப்பட்டாலும் ஆசிரியரைப் பற்றிய கதை பெரும்பாலும் இந்தப் பாதையிலேயே நடக்கிறது. ஆனால் பார்வையாளர்களின் நினைவில் பல ஆண்டுகள் தங்கிவிட்ட ஆசிரியர்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். நாட்டைக் கட்டியவர், அரசனை எதிர்த்தவர், மாணவனின் வாழ்வைத் தவறுதலாகக் குலைத்தவர், மனம் உடைந்து மருத்துவரை நாடியவர் எனப் பலர் அந்த வரிசையில் உள்ளனர். ஒவ்வொரு காலத்திலும் சமூகம் ஆசிரியரிடம் எதை எதிர்பார்த்தது என்பதை இந்தப் பாத்திரங்களின் வழியே அறியலாம்.

தேசத்தைச் சுற்றிக் காட்டியவர்

விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் ஆசிரியருக்குத் தரப்பட்ட பணி, குடிமக்களை உருவாக்குவது. சத்யேன் போஸ் இயக்கத்தில் 1954-ஆம் ஆண்டு வெளியான 'ஜாக்ரிதி' இந்திப் படத்தில் அபி பட்டாச்சார்யா ஏற்ற சேகர் என்ற பாத்திரம் அதற்குச் சான்று. விடுதிப் பள்ளிக்கு வரும் சேகர், மனப்பாட முறையை விடுத்து மாணவர்களை ரயிலில் அழைத்துச் சென்று நாட்டின் வரலாற்றை நேரில் காட்டுகிறார். கவி பிரதீப் எழுதிய இப்படத்தின் பாடல்கள் பள்ளி விழாக்களில் இன்றும் ஒலிக்கின்றன. சிறந்த படத்துக்கான ஃபிலிம்பேர் விருதும் இதற்குக் கிடைத்தது.

இப்படத்துக்கு எல்லைக்கு அப்பாலும் ஒரு கதை உண்டு. இதில் நடித்த சிறுவன் ரத்தன் குமார் பின்னர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளிலேயே 'பேதாரி' என்ற பெயரில் ஏறக்குறைய இதே கதை, பாடல்களின் சொற்கள் மட்டும் அந்நாட்டுக்கு ஏற்ப மாற்றப்பட்டு, அவரது நடிப்பில் பாகிஸ்தானில் வெளியானது. கொடி மாறியது, ஆசிரியரின் பணி மாறவில்லை. புதிதாகப் பிறந்த இரு நாடுகளும் ஆசிரியரிடம் ஒரே எதிர்பார்ப்பையே வைத்திருந்தன.

அதிகாரத்தின் முன் நின்றவர்

அந்த நம்பிக்கை அடுத்த கால் நூற்றாண்டில் கேள்விக்கு உள்ளானது. சத்யஜித் ராய் 1980-இல் உருவாக்கிய 'ஹிராக் ராஜார் தேஷே' வங்காளப் படம் வெளித்தோற்றத்தில் குழந்தைகளுக்கான கற்பனைக் கதை. வைரச் சுரங்கங்களை உடைய கொடுங்கோல் மன்னன் பள்ளியை மூடுகிறான். நூல்களை எரிக்கச் செய்கிறான். படிக்கத் தெரிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதே அவனது அச்சம். சௌமித்ர சட்டர்ஜி நடித்த உதயன் பண்டிதர் மலைப்பகுதியில் தலைமறைவாகி, மாணவர்களைத் திரட்டி மன்னனை வீழ்த்துகிறார். நெருக்கடி நிலைக் காலத்தின் நிழல் இப்படத்தில் படிந்திருப்பதாக விமர்சகர்கள் கருதுகின்றனர்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே சௌமித்ர சட்டர்ஜி மற்றோர் ஆசிரியராக வந்தார். தபன் சின்ஹாவின் 'ஆதங்க' (1986) படத்தில் அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மழை இரவொன்றில் ஒரு கொலையை நேரில் காண்கிறார். கொலைகாரர்களில் ஒருவன் அவரது முன்னாள் மாணவன். தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அவன் மரியாதை குறையாமலே அவரை எச்சரிக்கிறான். கற்பித்த நெறியைக் காப்பதா, குடும்பத்தைக் காப்பதா என்ற தவிப்பே மீதிக் கதை. உதயன் பண்டிதரால் ஒரு மன்னனை வீழ்த்த முடிந்தது. இந்த ஆசிரியருக்கோ தம் தெருவில் அச்சமின்றி நடப்பதே அரிதாகிவிடுகிறது.

ஆசிரியர் தவறும்போது

ஆசிரியரின் சொல் வேதவாக்கு என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்ட படங்களும் உண்டு. புட்டண்ண கனகால் இயக்கிய 'நாகரஹாவு' (1972) கன்னடப் படம் அவற்றுள் முதன்மையானது. த.ரா.சுப்பராவின் மூன்று நாவல்களைத் தழுவிய இக்கதை சித்ரதுர்காவில் நிகழ்கிறது. ஊரே முரடன் என்று ஒதுக்கும் ராமாச்சாரியை (விஷ்ணுவர்தன்) நேசிக்கும் ஒரே மனிதர் சாமய்யா மேஷ்டரு (கே.எஸ்.அஸ்வத்). அவர் கேட்டுக்கொண்டதற்காக அவன் தன் காதலைத் துறக்கிறான். சமூகக் கட்டுப்பாட்டை மீறக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவர் சொன்ன சொல், அந்தப் பெண்ணின் வாழ்வையே சிதைத்துவிடுகிறது. அன்புமிக்க ஆசிரியரும் தம் காலத்தின் முன்முடிவுகளைச் சுமப்பவரே என்பதை இப்படம் கசப்புடன் உணர்த்தியது. தமிழில் 'ராஜ நாகம்' என்றும் இந்தியில் 'ஜஹ்ரீலா இன்சான்' என்றும் இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது.

பத்ரன் இயக்கிய மலையாளப் படமான 'ஸ்படிகம்' (1995) மற்றொரு சான்று. திலகன் நடித்த சாக்கோ மாஷ் பெயர்பெற்ற கணித ஆசிரியர். இயந்திரங்களில் நாட்டம் கொண்ட மகனைக் கணிதத்தின் பெயரால் அவமதித்து, அடித்து, வீட்டைவிட்டே ஓடச் செய்கிறார். மோகன்லால் நடித்த அந்த மகன், ஊர் அஞ்சும் 'ஆடு தோமா'வாகத் திரும்பி வருகிறான். எண்ணற்ற மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்தவர் தம் மகனிடம் தோற்றுப்போகும் இக்கதை, 2023-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோதும் வரவேற்பைப் பெற்றது.

தூர்தர்ஷனில் 1986-இல் சங்கர் நாக் இயக்கத்தில் ஒளிபரப்பான 'மால்குடி டேஸ்' தொடரும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஆர்.கே.நாராயணின் சிறுவன் சுவாமியின் கண்களில் பள்ளி என்பது பிரம்பின் இருப்பிடம். நாடு முழுவதும் குடும்பங்கள் அதைச் சிரித்துக்கொண்டே பார்த்தன. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு தடை செய்தது அதன் பிறகே.

குழந்தையைப் பார்த்தவர்

புத்தாயிரத்தில் ஆசிரியரின் கவனம் தேசத்திலிருந்து தனிக் குழந்தையை நோக்கித் திரும்பியது. ஹெலன் கெல்லரின் வாழ்க்கையைத் தூண்டுதலாகக் கொண்ட 'பிளாக்' (2005) படத்தில், பார்வையும் செவித்திறனும் இல்லாத மிஷேலுக்கு (ராணி முகர்ஜி) தேவ்ராஜ் (அமிதாப் பச்சன்) சொற்களைக் கற்றுத் தருகிறார். முதுமையில் அவர் நினைவிழக்கும்போது, அவள் அவருக்கு ஆசிரியையாகிறாள்.

2007 டிசம்பரில் வெளியான 'தாரே ஜமீன் பர்' அதைவிடப் பரவலான தாக்கத்தை ஏற்படுத்தியது. சிறுவன் இஷானை (தர்ஷீல் சஃபாரி) பெற்றோரும் ஆசிரியர்களும் சோம்பேறி என்றே முடிவு செய்துவிட்டனர். தற்காலிக ஓவிய ஆசிரியராக வரும் நிகும்ப் (ஆமிர் கான்) அவனது குறிப்பேடுகளைப் புரட்டி, பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காண்கிறார். அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்தச் சொல்லை இப்படத்தின் வாயிலாகவே முதன்முறையாக அறிந்த பெற்றோர் ஏராளம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

'ஹிச்கி' (2018) இந்த வரிசையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதில் டூரெட் குறைபாட்டுடன் வாழ்பவர் மாணவர் அல்ல, ஆசிரியை. பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியரின் தன்வரலாற்றைத் தழுவிய கதை அது.

பெண் ஆசிரியர்களைத் திரை இவ்வளவு அக்கறையுடன் நடத்தியது அரிது. 'மைன் ஹூன் நா' (2004) படத்தின் வேதியியல் ஆசிரியை போலக் காதலுக்கும் அழகுக்குமே அவர்கள் பெரிதும் பயன்பட்டனர். 'பிரேமம்' (2015) மலையாளப் படத்தில் சாய் பல்லவி நடித்த தமிழ்நாட்டு விரிவுரையாளர் மலர், மாணவனின் காதலுக்கு உரியவராகவே வந்தாலும், தமக்கென்று தனித்த இயல்பு கொண்டவராக இருந்ததாலேயே மொழி எல்லை கடந்து நினைவில் நின்றார்.

பயிற்சி மையத்தின் 'அண்ணன்'

பள்ளியைவிடப் பயிற்சி மையம் முக்கியமாகிவிட்ட காலத்தில் திரை ஆசிரியரும் இடம் மாறினார். ஏழை மாணவர்கள் 30 பேருக்கு ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை 2002-இல் பாட்னாவில் தொடங்கிய ஆனந்த் குமாரின் கதை, 'சூப்பர் 30' (2019) ஆனது. அதே ஆண்டில் வெளியான 'கோட்டா ஃபேக்டரி' இணையத் தொடர், ராஜஸ்தானின் கோட்டா நகரைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. இயற்பியல் ஆசிரியர் ஜீத்து பய்யா (ஜிதேந்திர குமார்), மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர் மட்டுமல்ல. தாயின் இடத்தையும் நண்பனின் இடத்தையும் நிரப்பும் 'அண்ணன்'.

2024-இல் வந்த மூன்றாவது பருவம் ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதன் சுமை தாங்காமல் ஜீத்து பய்யா மனநல சிகிச்சைக்குச் செல்கிறார். அனைவரையும் தாங்கும் ஆசிரியரை யார் தாங்குவது? திரை ஆசிரியர் வரலாற்றில் இக்கேள்வி இவ்வளவு வெளிப்படையாக முன்வைக்கப்பட்டது அரிது.

திரைக்கும் வகுப்பறைக்கும் இடையே

தமிழில் 'சாட்டை' (2012) வரை, திரைக்கதைகள் பலவும் ஓர் உண்மையைத் தவிர்த்தே செல்கின்றன. திரையில் ஒரே ஓர் ஆசிரியர் போதும், பள்ளியே மாறிவிடுகிறது. நடைமுறையில் 'ஒரே ஓர் ஆசிரியர்' என்பது சாதனையல்ல, பற்றாக்குறை. மத்திய அரசின் 2024-25 கல்வியாண்டுப் புள்ளிவிவரப்படி நாட்டில் ஆசிரியர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துள்ளது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகள் இன்னும் ஓராசிரியர் பள்ளிகளாகவே இயங்குகின்றன. தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் விகிதம் வகுத்திருந்தும் இந்த நிலை தொடர்கிறது.

'தாரே ஜமீன் பர்' படத்தின் திருப்புமுனை, மேடைப் பேச்சோ பாடலோ அல்ல. ஓர் ஆசிரியர் உட்கார்ந்து ஒரு சிறுவனின் குறிப்பேடுகளை நிதானமாகப் பார்க்கும் காட்சி அது. அதே குறிப்பேடுகளைப் பிற ஆசிரியர்களும் பார்த்திருந்தனர். சிவப்பு மையால் திருத்தியும் இருந்தனர். அவர்களுக்கும் நிகும்புக்கும் இருந்த வேறுபாடு அன்பு மட்டுமல்ல, நேரமும்தான். ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் அன்பு குறைவாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரம்தான் அவரிடம் இல்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று திரை ஆசிரியர்களை நினைவுகூரும் நாடு, அந்த நேரத்தை நிஜ ஆசிரியர்களுக்கு வழங்குமா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.