மான் வேட்டை: 'அபராதம் கட்டினால் போதும்' என்பது உண்மையா?

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பகுதிகளில் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மான் தொல்லை புதிதல்ல. நிலக்கடலை, பயறு வகைகளின் இளந்தளிரை மேய்ந்துவிட்டால் செடி மீண்டு வர நாளாகும், மகசூலும் குறையும். அந்த ஆத்திரத்தில் கண்ணி வைப்பவர்கள், 'மாட்டினால் அபராதம் கட்டிக்கொள்ளலாம்' என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

எது வேட்டை?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிப்பது, அதற்கு முயற்சிப்பது எல்லாமே வேட்டைதான். மான் சிக்காவிட்டாலும் குற்றம். இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம்.

தண்டனை என்ன?

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, இரண்டாம் அட்டவணையில் உள்ள புள்ளிமானை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள வெளிமான் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது.

சலுகை யாருக்கு?

பிரிவு 54-ன்படி, இணக்கக் கட்டணம் பெற்று வழக்கை முடிக்க வனத்துறை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. முன்பு ரூ.25 ஆயிரமாக இருந்த அதன் உச்சவரம்பு இப்போது ரூ.5 லட்சம். இது அதிகாரியின் முடிவு. பிடிபட்டவரின் உரிமை அல்ல. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இந்த வழியே கிடையாது.

ஜோத்பூர் அருகே 1998-ல் நடந்த வெளிமான் வேட்டை வழக்கில், நடிகர் சல்மான்கானுக்கு 2018-ல் 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. இரண்டே நாளில் ஜாமீன் கிடைத்தது உண்மைதான். ஆனால், தீர்ப்பு வரவே 20 ஆண்டு ஆனது. சிறு விவசாயி அத்தனை காலம் கோர்ட்டுக்கு நடந்தால் நிலத்தை யார் பார்ப்பது?

பயிரைக் காக்க வழி

காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த தளர்வு, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால், வனத்துறையினருக்கு மட்டுமே. மானுக்கு அது பொருந்தாது.

பயிரை மான் மேய்ந்தால் உடனே படம் எடுத்து, சிட்டா, அடங்கலுடன் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயலைச் சுற்றி உயரமான வலை கட்டலாம். அழுகிய முட்டைக் கரைசலைத் தெளித்தால் அந்த வாடைக்கு மான் ஒதுங்கும். மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும். வேலியில் நேரடி மின்சாரம் மட்டும் வேண்டாம். மான் செத்தால் வேட்டை வழக்கு, மின்திருட்டு என்றால் இன்னொரு வழக்கு. இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரர் உயிரும் போகலாம்.

ஒரு போகத்தில் இழந்த கடலையை அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். வழக்கில் இழந்த காலத்தை எடுக்க முடியாது.