ரசீதில் இருக்கிற நூலகம்

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் வீட்டு வரி ரசீதை எடுத்து வாருங்கள், ராபர்ட்சன்பேட்டை நகராட்சிக்குக் கட்டினீர்களே, அதுதான். வரித் தொகைக்குக் கீழே 'செஸ்' என்று சில இனங்கள் இருக்கும். கர்நாடக நகராட்சிகளில் சொத்து வரியோடு சேர்த்து, அந்த வரியில் நூற்றுக்கு 15 சுகாதாரத்துக்கும், 6 நூலகத்துக்கும், 3 பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கும் வாங்குகிறார்கள். உங்கள் வரி 2,000 ரூபாய் என்றால் 120 ரூபாய் நூலகத்துக்கு. வாடகைக்கு இருக்கிறவர் "எனக்கென்ன வந்தது?" என்று கேட்கலாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றாமலா விட்டிருப்பார்?

காசு கொடுத்தாயிற்று. இனி பொருளை வாங்க வேண்டியதுதான் பாக்கி. கோலார் தங்கவயலில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்பது என் ஆதங்கம். லைப்ரரி என்றால் ரிட்டயர்டு ஆன பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் பார்க்கிற இடம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

இந்த நூலக வரிக்கு அடிப்படை 1965ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டம். அப்போது அதன் பெயர் மைசூர்ச் சட்டம். இப்படி வரி போட்டு நூலகம் நடத்தும் ஏற்பாட்டை இந்தியாவில் ஊன்றியவர் நம்மவர்தான்: சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1948இல் வந்த சென்னை மாகாண நூலகச் சட்டம் அவர் பாடுபட்டதன் பலன். கடைசிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து 1972இல் அங்கேயே காலமானார். அலமாரியில் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் பயன்படுத்தத்தான் புத்தகம். வாசகருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டின் சாரம் இது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. கடைப்பிடிக்கிற இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, அங்கே போய் என்ன செய்வது? புத்தகத்தை விடுங்கள், முதலில் நாற்காலியையும் மேசையையும் பார்ப்போம்.

சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அறைக்குள் சமையல், டி.வி., தாத்தாவின் இருமல், தம்பியின் செல்போன் எல்லாமே நடக்கும். பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகு அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று போட்டித் தேர்வு எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூளையும் இருக்கிறது, முயற்சியும் இருக்கிறது. தொடர்ந்து மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் இடம்தான் இல்லை. தனியார் 'ரீடிங் ரூம்' என்று பெங்களூரில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்பது அதைத்தான். பொது நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு பைசா தர வேண்டாம், உறுப்பினர் கார்டுகூடத் தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால்தான் விண்ணப்பம், புகைப்படம், முகவரிச் சான்று, ஒரு சிறு வைப்புத்தொகை. விலகும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் பாதிப் பேர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். "நாங்க எப்போ போறது?" என்று கேட்பார்கள். கர்நாடகப் பொது நூலகங்களுக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். நேரத்தை வாசல் பலகையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். இங்கேதான் தமிழர்களின் வழக்கமான புகார்: "போனா எல்லாம் கன்னடப் புத்தகம்." உண்மைதான், கன்னடம் அதிகம். ஆனால் நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன்.

எதிர் வீட்டுத் தம்பி ஒருவன். பன்னிரண்டாவது முடித்தவன், தமிழ் சரளம், ஆங்கிலம் சமாளிப்பான், கன்னடம் பேசுவான். ஆனால் கடை போர்டைத் தாண்டிக் கன்னடம் படித்ததில்லை. மாநில அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனான். குரூப் 'சி' பணிகளுக்குத் தேர்வாணையம் கட்டாயக் கன்னடத் தாள் ஒன்று வைக்கிறது. 150க்கு 50 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற தாள்களில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. "அண்ணே, கோச்சிங் சேரணுமா?" என்று கேட்டான்.

"மொதல்ல லைப்ரரியில சின்னப் பசங்க புத்தகம் இருக்கிற அலமாரிக்குப் போடா" என்றேன். அவனுக்குக் கூச்சம். மீசை வைத்தவன் படம் போட்ட கதைப் புத்தகத்தோடு உட்காருவதா? ஆனால் வழி அதுதான். பேசத் தெரிந்த மொழியைப் படிக்கக் கற்பது, தெரியாத மொழியைக் கற்பதைவிடப் பல மடங்கு எளிது. சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்துதான் கண்ணுக்குப் பழக வேண்டும். குழந்தைகள் கதை, அதன் பிறகு கன்னட நாளிதழின் விளையாட்டுப் பக்கம் (ஸ்கோர் தெரிந்திருப்பதால் பாதி தானே புரியும்), பிறகு பள்ளிப் பாடப் புத்தகம், கடைசியில் தலையங்கம். கட்டாயத் தாளின் தரம் பத்தாம் வகுப்புக் கன்னடம். அந்தப் பாடநூல்களைக் கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் இணையதளத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆக, நாம் குறை சொல்கிற அதே கன்னட அலமாரி, வேலை தேடும் தங்கவயல் பிள்ளைக்கு இந்த ஊரில் கிடைக்கும் மலிவான டியூஷன். கன்னடம் படித்தால் தமிழ் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அவர் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது என்று விசாரியுங்கள்.

பேப்பர் மேசையையும் ஏளனமாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரு பேப்பர் வாங்குவதே இப்போது குறைந்துவிட்டது. அங்கே கன்னடம், ஆங்கிலம், தமிழ் என்று பல பேப்பர்கள் ஒரே இடத்தில் வரும். செய்தியை செல்போனிலேயே பார்த்துவிடலாம். பார்க்க முடியாதது உள்ளே ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்து: நகராட்சி டெண்டர், வங்கி ஏலம், நிலம் சம்பந்தமான ஆட்சேப அறிவிப்பு, ஆள் எடுக்கும் விளம்பரம். உங்கள் பூர்வீக நிலத்தை யாரோ விற்கப் போகிறார் என்பது சில நேரம் முதலில் வெளிவருவதே அந்தப் பொடி எழுத்தில்தான். மத்திய அரசு வேலைகளுக்கு 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ் இருக்கிறது. ஆங்கிலம், இந்தி, உருதுவில் மட்டும் வரும், தமிழில் கிடையாது. அது வருகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். வராவிட்டால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கர்நாடகப் பொது நூலகத் துறை 2020இல் டிஜிட்டல் நூலகம் ஒன்றைத் தொடங்கியது. செயலியும் உண்டு, இணையதளமும் உண்டு, பதிவு இலவசம். தமிழ்ப் புத்தகத்துக்கு அதை நம்ப வேண்டாம். சென்னையில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்க வைத்திருக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி நேரத்துக்குப் படிக்க ஆயிற்று. உட்கார இடம் கிடைத்தால்!

பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சாயத்து நூலகங்கள் 2019இல் ஊரக வளர்ச்சித் துறையின் கைக்கு மாறின. மாநிலம் முழுக்க 5,600க்கு மேல் இருக்கின்றன. 'அரிவு கேந்திரா' என்று பெயர் மாற்றி, பலவற்றில் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார்கள். 6 முதல் 18 வயது வரை பிள்ளைகளுக்கு உறுப்பினர் கட்டணமே இல்லை. நகரத்தில் இருக்கிற நாம் கிராமத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

கம்ப்யூட்டர் என்றதும் பென்ஷன் ஞாபகம் வருகிறது. பழைய சுரங்கத் தொழிலாளர்களில் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். நவம்பரில்தான் தர வேண்டும் என்று பலர் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பென்ஷனுக்கு எந்த மாதமும் தரலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். பாறையோடு உழைத்துக் கைரேகை தேய்ந்தவருக்கு முகத்தைக் காட்டியே அந்தச் சான்றை ('ஜீவன் பிரமாண்') எடுக்கும் வசதியும் செல்போனில் வந்துவிட்டது. (கைரேகை வைத்துப் பெயர் பதியச் சொன்னதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. பேரன் காலத்தில் ரேகை விழாமல் பென்ஷன் நிற்கிறது.) இதை எடுத்துத் தருவது நூலகரின் வேலை அல்ல. ஆனால் இணையம் இருக்கிற நூலகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

கன்னட அலமாரிக்குப் பரிந்து பேசிவிட்டேன். அதற்காகத் தமிழைக் கேட்காமல் இருக்கலாகாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் வாசகர்களாக இருந்தார்கள். அவர் 1914இல் மறைந்து, இதழும் நின்றுபோன பின், 1926இல் அதை மறுபடி கொண்டுவந்தது ஜி. அப்பாதுரையார், இதே தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இங்கே இருந்ததுதான். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய மனிதர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். பண்டிதரின் எழுத்துகளை ஞான அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பு உங்கள் நூலகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் பரிந்துரைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். ஒருவர் எழுதினால் ஒதுக்குவார்கள். ஒரே நூலை இருபது பேர் கேட்டு எழுதியிருந்தால் அடுத்த கொள்முதலில் பேச ஆதாரம் இருக்கும்.

ஹெல்சிங்கியில் 2018இல் திறந்த ஊடி நூலகத்தில் தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள். யாரும் போய்த் தைத்துக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு தூரம் இப்போது வேண்டாம். சுத்தமான கழிப்பறை, குடிநீர், நல்ல விளக்கு, பெண் பிள்ளைகள் தயங்காமல் உட்காரத் தனி மேசை. இவ்வளவு இருந்தாலே போதும் என்பேன்.

"காசு எங்கே?" என்று பதில் வரும். காசு எங்கே என்று நாமே கேட்கலாம். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலகத் துறைக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது கர்நாடகத்தில் பழைய கதை. பெங்களூர் மாநகராட்சியின் பாக்கி பல நூறு கோடி என்று பேப்பரில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நம் ஊர்க் கணக்கு என்ன என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலகத் துறைக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில், பாக்கி எவ்வளவு. அவ்வளவுதான். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதுங்கள். எதிர் வீட்டுத் தம்பி இப்போது கன்னடத்தில் எழுதித் தருவான். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குத் தனியாக ஒரு மனு போட்டால் போதும்.