விளையாட்டா? வித்தையா?

2004-ம் வருஷம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பொமோனா நகரில் ஒரு பல்கலைக் கழகம். கூட்டம் கூட்டமாக வாலிபர்கள். அத்தனை கண்களும் ஒரு திரையின் மீது! திரையிலே என்ன? சண்டை!

ஒரு பக்கம் சுன்-லி என்ற சீனத்துப் பெண். அவளை ஆட்டிவைப்பவர் அமெரிக்கரான ஜஸ்டின் வாங். எதிரே கென் என்ற வீரன். அவனை ஆட்டிவைப்பவர் ஜப்பானியரான டைகோ உமேஹரா. கென்னுக்கு உயிர் நூலிழையில் ஊசலாடுகிறது. இன்னும் ஓர் அடி விழுந்தால் கதை முடிந்தது.

சுன்-லி தன் பிரம்மாஸ்திரத்தை ஏவுகிறாள். மின்னல் வேகத்தில் 15 உதைகள்! வெறுமனே தடுத்துக்கொண்டால் போதாது. தடுத்தாலும் கொஞ்சம் உயிர் தேயும். ஒரே வழிதான் உண்டு. உதை வந்து விழும் அதே கணத்தில், பின்வாங்காமல், கைப்பிடியை எதிரியின் பக்கமாகத் தள்ள வேண்டும். இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் தோல்வி.

உமேஹரா ஒவ்வோர் உதையையும் அப்படியே தட்டிவிட்டார். கடைசி உதையை அந்தரத்தில் எகிறித் தட்டிவிட்டு, திருப்பி அடித்து, ஜயித்தும் விட்டார்! மண்டபம் அதிர்ந்தது.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ என்ற இதே ஆட்டத்தை எத்தனையோ பிள்ளைகள் பொத்தான்களைக் கண்டபடி தட்டிச் சிரித்து விளையாடியிருக்கிறார்கள். அப்படியானால் இது பொழுதுபோக்கா, வித்தையா?

*

வித்தைக்கு முதல் லட்சணம், ஆழம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆழத்தைத் தயாரிப்பாளர்களே எப்போதும் தோண்டுவதில்லை. 1991-ல் காப்காம் கம்பெனி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வெளியிட்டது. அதிலே ஒரு மோட்டார் காரை அடித்து நொறுக்கும் கட்டம் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கையில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இன்னோர் அடியைச் செருக முடிகிறது என்பது தற்செயலாகத் தெரிந்தது. ‘இது யாருக்குக் கைவரப் போகிறது?’ என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்களோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்! இன்று ‘காம்போ’ என்ற அந்த அடுக்கடி இல்லாத சண்டை ஆட்டத்தைக் காண்பது அரிது.

இரண்டாவது லட்சணம், அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவது. இங்கேதான் தகராறு பிறக்கிறது.

*

நின்டென்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி’ 2001-ல் வந்தது. உருவாக்கியவர் மசாஹிரோ சகுராய். நாலு பேர் ஒன்றாகக் குதித்து ஆடலாம். திடீர் திடீரென்று வெடிகுண்டும் ஆயுதமும் வந்து விழும். நேற்றுக் கற்றவனும் இன்று ஜயிக்கலாம். குடும்பமே கூடிச் சிரிக்க ஏற்ற ஆட்டம்!

போட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆயுதங்களை நிறுத்தினார்கள். தொல்லை தரும் களங்களை ஒதுக்கினார்கள். ஒருவருக்கு ஒருவர், ஆளுக்கு நாலு உயிர், எட்டு நிமிஷம் என்று விதி வகுத்தார்கள். பொத்தானை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே தாமதம் கூடாதென்று, பழைய குழாய் டெலிவிஷன் பெட்டிகளைத் தேடிப் பிடித்து ஆடினார்கள்.

2008-ல் அடுத்த ஆட்டமான ‘பிராவல்’ வந்தது. அதில் ஓடுகிற வீரன் காரணமே இல்லாமல் திடீரென்று தடுக்கி விழுவான்! குழந்தைகள் சிரித்தார்கள், நிபுணர்களுக்கோ வயிறு எரிந்தது. பலர் பழைய ‘மெலி’யையே கட்டிக்கொண்டார்கள். 2013-ல் ‘ஈவோ’ என்ற பெரிய போட்டியில் எந்த ஆட்டத்துக்குக் கடைசி இடம் என்பதை, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடை கொண்டு தீர்மானித்தார்கள். ‘மெலி’ ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல் கொட்டிக்கொடுத்து இடம் பிடித்தார்கள். வெறும் பொம்மைக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா?

இரு சாராரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கவும் முயற்சி நடக்கிறது. 2023-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-ல் கடினமான வித்தைகளை ஒரே பொத்தானில் செய்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் அடியின் வலு குறையும். குறுக்கு வழிக்குச் சுங்கம்!

*

ஆகவே, வித்தியாசம் பெட்டிக்குள் மட்டும் இல்லை. ஆடுகிறவனிடமும் இருக்கிறது. தோற்றதும் “இன்னொரு ஆட்டம் போடலாம், வா!” என்று சிரிக்கிறவனுக்கு அது பொழுதுபோக்கு. “எங்கே தவறினேன்?” என்று தனியே உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு அது வித்தை. இருவரும் மகிழ்கிறார்கள், இருவருமே அந்த ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்கள்தான்.

சொல்ல மறந்துவிட்டேனே! 2004-ல் அவ்வளவு அற்புதம் செய்த உமேஹரா, அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றுப்போனார். பட்டம் வேறொருவருக்கு. ஆனாலும் இருபது வருஷம் கழிந்த பிறகும் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துப் பரவசப்படுவது பட்டத்தை அல்ல. அந்தப் பதினைந்து உதைகளைத்தான்!