பன்னிரண்டு வோல்ட் சுடுமா?

மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் காதுக்கு ஓய்வில்லை. நார்த்தாமலை, கொன்னையூர் என்று அம்மன் கோயில் திருவிழாக்கள். இடையில் ஜல்லிக்கட்டு அறிவிப்புகள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் ஊர் ஊராகச் சுற்றும்.

பத்தாம் வகுப்பில் ‘மின்னோட்டவியல்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் கருகிய ஒயர்த் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தான். அவன் மாமா மைக்செட் வைத்திருப்பவர். அவருடைய ஆட்டோவில் ஆம்ப்ளிஃபயருக்கான ஃபியூஸ் அடிக்கடி போயிருக்கிறது. சலித்துப்போய், ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருக்கிறார். அன்று மாலையே சீட்டுக்கு அடியில் புகை. பேட்டரி ஒயரை உடனே பிடுங்கியதால் வண்டி தப்பியது.

“வெறும் பன்னிரண்டு வோல்ட்தானே சார்? தொட்டால்கூட ஷாக் அடிக்காதே, எப்படி எரிஞ்சுச்சு?” என்று கேட்டான். அந்தக் கேள்வியையே அன்றைய பாடமாக்கினேன்.

அந்த ஆம்ப்ளிஃபயர் 300 வாட் ஒலித்திறன் தரக்கூடியது. பயன்படும் திறன் 60 சதவீதம் என்று கொண்டால், முழுச் சத்தத்தில் அது பேட்டரியிலிருந்து 500 வாட் இழுக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் 500 வாட்டுக்கு ஏறத்தாழ 2.2 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் அதே திறனுக்கு 42 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைந்ததால் ஷாக் இல்லை. ஆனால் ஆம்பியர் ஏறிவிட்டது. ஒயரைச் சுடவைப்பது ஆம்பியர்தான், அதுவும் அதன் இருமடிக்கு ஏற்ப.

மாமா போட்டிருந்தது வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக, வர 6 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.041 ஓம். ஜூல் விதிப்படி 42 × 42 × 0.041 போட்டால் 72 வாட். மூன்று சால்டரிங் அயர்னின் சூடு அந்த ஒயருக்குள்ளேயே! மின்னழுத்தத்திலும் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் வெப்பம் 12 வாட்டுக்குள் அடங்கும். பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

சரி, ஃபியூஸ் ஏன் அடிக்கடி போனது? தகட்டு ஓட்டை வழியாக வந்த பாசிட்டிவ் ஒயரின் உறை உரசித் தேய்ந்திருந்தது. வண்டியின் உடலே நெகட்டிவ். செம்பு தகட்டைத் தொடும்போதெல்லாம் குறுக்குச் சுற்று. ஃபியூஸ் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்க என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். இங்கே அது முதலில் காப்பது ஒயரை. ஆகவே அது பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. அதன் அளவு ஆம்ப்ளிஃபயர் இழுப்பதைவிடக் கூடுதலாகவும், ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே 16 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 50 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். அதே ஃபியூஸை 2.5 ஒயரில் போட்டால் ஒயரே ஃபியூஸாகிவிடும். ஒயர் வாங்கும்போது ஓர் இழையைச் சுரண்டிப் பார்ப்பதும் நல்லது: உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், மின்தடை கூடுதல்.

வகுப்பில் செய்துகாட்ட இரண்டு டார்ச் செல்லும், பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரில் ஓர் இழையும் போதும். ஓட்டுத் துண்டின்மேல் வைத்து இணைத்தால் இழை சிவந்து அறுந்துவிடும். ஆசிரியரே செய்யட்டும், வாகன பேட்டரியை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

அடுத்த வாரம் அந்த மாணவன் வந்து, “மாமா தடி ஒயர் மாத்திட்டார் சார், ஓட்டையில் ரப்பர் வளையமும் போட்டாச்சு” என்றான். கணக்கைத் தன் நோட்டிலேயே போட்டுக் காட்டினானாம். கருகிய அந்தத் துண்டு இன்னும் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தை அதை வைத்துத்தான் தொடங்குகிறேன்.