பழம்பொருட் கடையிற் புதையல் தேடுவோர்

ஒருவர் வேண்டாவென்று கழித்த பொருளை வேறொருவர் விரும்பி ஏற்பது உலக வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கையே முதலாகக் கொண்டு ஒரு சிறு வியாபாரம் நடைபெற்று வருகின்றது. அந்நாட்டுப் பழம்பொருட் கடைகளில், முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் சிறுவர் ஆடிய வீடியோ விளையாட்டுக்களைத் தேடி வாங்கி, அவற்றை விரும்புவோர்க்கு மிகுந்த விலைக்கு விற்றலே அவ்வியாபாரமாம். இது வெறும் விளையாட்டுச் செய்தியன்றோ என்று மாணவ நண்பர்கள் எண்ணற்க. அறிவுக்கு ஊதியம் யாது, அவ்வூதியத்திற்கு எல்லை யாது என்னும் இரண்டு வினாக்கள் இதனுள் அடங்கியிருத்தலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அக்கடைகளின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1902-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரத்தில் மெதடிஸ்டு சபைப் போதகராயிருந்த எட்கர் ஹெல்ம்ஸ் என்பார், செல்வர் இல்லங்களிற் பயனின்றிக் கிடந்த துணிகளையும் தட்டுமுட்டுகளையும் கேட்டு வாங்கி, ஏழைகளைக்கொண்டே அவற்றைச் செப்பனிட்டு விற்று, வந்த பணத்தை அவர்கட்குக் கூலியாக அளித்தனர். அதுவே இன்று 'குட்வில்' என வழங்கும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்துள்ளது. இரட்சணிய சேனையாரும் இத்தகைய கடைகளை நடத்தி, குடி முதலிய பழக்கங்களிலிருந்து மீள விரும்புவோரின் இல்லங்களுக்கு அவ்வருவாயைச் செலவிடுகின்றனர். ஆகவே அங்கு விற்கும் பொருள் யாவும் தருமமாக வந்தவை. விற்ற பணமும் தருமத்திற்கே செல்வது. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

விளையாட்டுக்கள் அங்கு வந்து சேர்ந்தது எங்ஙனம்? 1977-இல் அட்டாரி என்னும் கம்பெனியார், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவியொன்றை வெளியிட்டனர். 1985-இல் ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியாரின் கருவி அமெரிக்காவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆட்டமும் கையளவான பிளாஸ்டிக் கூட்டினுள் அடைக்கப்பட்டிருக்கும்; அதனைக் கார்ட்ரிட்ஜ் என்பர். புதிய கருவிகள் வரவரப் பழையன பரணேறின. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின், பெற்றோர் அவற்றைப் பெட்டியிலிட்டுப் பழம்பொருட் கடைக்குக் கொடுத்தனர். அப்பிள்ளைகளே இன்று நடுவயதினராய்த் தம் இளமைக் காலத்தை விலைகொடுத்தேனும் மீட்க விழைகின்றனர். இவ்விழைவே இவ்வியாபாரத்தின் வேர்.

ஆயினும் பழமையொன்றே விலையைத் தருவதில்லை. கருவியோடு சேர்த்தே விற்கப்பட்ட 'சூப்பர் மாரியோ' ஆட்டம் பழமையானதேயாயினும் எங்கும் மலிந்து கிடத்தலின் அதற்குப் பெருவிலை இல்லை. இதற்கு மாறாக, 1987-இல் பண்டாய் கம்பெனியார் வெளியிட்ட 'ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தைக் கருதுக. அவ்வாட்டத்திற்குரிய கால்விரிப்பின் உரிமையை நின்டெண்டோவார் வாங்கி, ஆட்டத்தை வேறு பெயரால் வெளியிட்டமையின், பழைய பெயருடைய பிரதிகள் மிகச் சிலவே மக்கள் கைக்குச் சென்றன. 2013-இல் வட கரோலினா மாகாணத்தில் ஒரு பெண்மணி, குட்வில் கடையொன்றில் ஏறக்குறைய 8 டாலருக்கு அதனை வாங்கினார். பின்னர் அது சுமார் 25,000 டாலருக்கு விலைபோயிற்று. கடையிலிருந்தோர் கண்ணுக்கும் அதுவே பட்டது. அவர் ஒருவரே பெயரை அறிந்தார்.

'ஈ.டி.' என்னும் அட்டாரி ஆட்டத்தின் கதையோ இன்னும் வியப்புடையது. 1982-இல் அளவுக்கு மிஞ்சிச் செய்யப்பட்டு விலைபோகாமையால், 1983-இல் நியூ மெக்சிகோ மாகாணத்து அலமகோர்டோ நகரத்துக் குப்பைக் கிடங்கில் வேறு பல சரக்குகளோடு புதைக்கப்பட்டது. 2014-இல் அவ்விடத்தை அகழ்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜுகளை எடுத்தனர். அவற்றுட் பல ஏலத்தில் விற்கப்பட்டு, ஏறக்குறைய 1,00,000 டாலர் ஈட்டின. ஒன்று ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையிற் சேர்ந்தது. குப்பையிற் புதையாத 'ஈ.டி.' பிரதியோ இன்றும் சில டாலருக்கே கிடைக்கும்! பொருள் ஒன்றே, அதனோடு ஒட்டிய வரலாறே விலையை வேறுபடுத்திற்று.

இத்தொழிலுக்கு வேண்டிய பயிற்சியும் எளிதன்று. கார்ட்ரிட்ஜைக் கண்டவுடன் உண்மைப் பிரதியோ போலியோ எனத் தேர்தல் வேண்டும். மங்கிய அச்சும், வழுவுடைய எழுத்தும் போலியைக் காட்டிக்கொடுக்கும். அட்டைப்பெட்டியும் கைந்நூலும் உடனிருப்பின் மதிப்பு மிகும். சிறுவர் அவற்றை முதலிலேயே கிழித்தெறிவர் அல்லரோ? ஆட்டம் ஓடாவிடின் அக்காலப் பிள்ளைகள் கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதுவர். அவ்வீரம் உலோகத்தை அரித்துக் கேடே செய்யும். சாராயச் சத்தில் தோய்ந்த பஞ்சினால் துடைத்தலே முறை. 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'செல்டா' போன்றவற்றுள் ஆட்டத்தின் நிலையைக் காக்கும் சிறு மின்கலம் ஒன்றுண்டு. அது தீர்ந்துவிடின், என்றோ ஒரு சிறுவன் தன் பெயரெழுதி விட்டுச்சென்ற ஆட்டமும் அதனோடே அழிந்துபோம்.

ஊதியமோ பலர் எண்ணுமளவு பெரிதன்று. 5 டாலருக்கு வாங்கியதை 20 டாலருக்கு விற்பதாகக் கொள்வோம். விற்பனைத் தளத்தின் கழிவுக்கு 3 டாலரும், கட்டுச்செலவு, தபாற்செலவுக்கு 6 டாலரும் போக, எஞ்சுவது 6 டாலரே. அதிலும் வண்டிச்செலவும் வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் கழியும். ஈபே முதலிய தளங்களிற் கேட்கும் விலையை நோக்காது, விற்றுத் தீர்ந்த விலையையே நோக்குதல் அறிவுடைமை. மேலும், குட்வில் நிலையத்தார் 1999 முதல் தாமே இணைய ஏலம் நடத்துகின்றமையின், நல்ல சரக்கு அலமாரிக்கு வருமுன்பே பிரித்தெடுக்கப்படுதலும் உண்டு.

இனி, முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்னதற்கு வருவோம். தருமக் கடையில் வாங்கி இலாபத்திற்கு விற்பது தகுமோ? நிலத்திற் புதைந்த பொக்கிஷத்தைக் கண்டவன் அதனை மறைத்துவைத்து அந்நிலத்தை வாங்கினான் என்னும் சுவிசேஷ உவமையை நம் வாசகர் அறிவர். அவ்வுவமை வியாபார நீதியைப் போதிக்க வந்ததன்று. ஆயினும் அவன் தனக்குண்டானவை யாவற்றையும் விற்றே வாங்கினான் என்பது கருதத்தக்கது. கடையார் குறித்த விலையை முழுதும் கொடுத்து, தன் கல்வியாலும் உழைப்பாலும் இலாபம் பெறுவோனைக் குறைகூற நியாயமில்லை. விலைச்சீட்டை மாற்றி ஒட்டுவோனும், மதிப்பை வினவிய முதியோரிடம் பொய் கூறிக் குறைந்த விலைக்கு அடித்துக்கொள்வோனும் திருடரே. குளிர்காலத்துக் கம்பளிச் சட்டையையும் பள்ளிப்பிள்ளையின் காலணியையும் மொத்தமாக வாரிச்சென்று விலையேற்றி விற்போன், எளியோர்க்கென அமைந்த பந்தியில் எளியோரை எழுப்பிவிட்டு அமர்பவன் ஆவான். விளையாட்டின்றி ஏழை வாழலாம். கம்பளியின்றி வாழ்தல் அரிது. எல்லை இதுவே எனக் கருதுகின்றோம்.

இவ்வெல்லைக்குள் நிற்போரால் உலகிற்கும் ஒரு நன்மை விளைகின்றது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என, வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனத்தார் 2023-இல் ஆய்ந்து வெளியிட்டனர். பழைய கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போகுமாயின், அதனோடு ஒரு காலத்தவரின் கலைத்திறனும் போகும். ஐயாயிரவர்க்கு அப்பம் பகிர்ந்த பின்னரும், மீந்த துணிக்கைகள் வீணாகாமற் பன்னிரண்டு கூடைகளிற் சேர்க்கப்பட்டன அன்றோ? சேர்க்கும் கைகள் தூயனவாயின், பழம்பொருட் கடையிற் குனிந்து தேடுவதும் நற்பணியேயாம்.