சூரிய வெளிச்சமும் சுத்தமான தண்ணீரும்



"ஆஸ்பத்திரி சார்பில் கிராமங்களுக்குச் சோலார் போட்டுக் கொடுக்கலாமே, எவ்வளவு ஆகும்?" என்று இந்த ஆண்டில் பல சபைகளிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. சிலர் பதிலுக்குக் காத்திராமல் தொகையையே அனுப்பிவிட்டார்கள். உங்கள் அன்புக்கு மனமார்ந்த நன்றி. அந்தக் காணிக்கையில் ஒரு ரூபாய் செலவழிக்குமுன், வெயிலிலிருந்து மின்சாரமும் அந்த மின்சாரத்தால் தண்ணீரும் எப்படிக் கிடைக்கின்றன, எங்கே அது கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று உங்களுக்கு விளக்கிச் சொல்வது எங்கள் கடமை. எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்துக் குக்கிராமம் ஒன்றில் 22 வீடுகளுக்குச் சூரிய விளக்கு போட்டோம். கூரைக்கு ஒரு பலகை, வீட்டுக்குள் இரண்டு விளக்கு, மூலையில் ஒரு பேட்டரி. ஜெபத்தோடு திறப்பு விழா நடந்தது. புகைப்படமும் எடுத்து இந்த மடலில் போட்டோம். மூன்று ஆண்டு கழித்து எங்கள் நடமாடும் மருத்துவக் குழு அதே ஊருக்குப் போனபோது நான்கு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. ஒரு பாட்டியிடம் எங்கள் சிஸ்டர் விசாரித்தார்.

"பாட்டி, சோலார் எப்படி இருக்கு?"

"அதுக்கு என்ன சிஸ்டரம்மா, நல்லாத்தான் இருக்கு. மோர்மிளகா வத்தல் சீக்கிரமா காயுதுல்லா."

பலகை மேல் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சிரித்துவிட்டுத் திரும்பினோம், ஆனால் வண்டியில் வரும் வழியெல்லாம் யாரும் பேசவில்லை.

பலகையில் குற்றம் இல்லை. சூரியப் பலகைக்கு அசையும் பாகம் எதுவும் கிடையாது. சிலிக்கான் தகட்டின் மேல் வெயில் பட்டால் மின்சாரம் ஓடும், அவ்வளவுதான். தூசி துடைத்து வைத்தால் 25 ஆண்டு உழைக்கும். செத்துப்போனது பேட்டரி. நாங்கள் கொடுத்தது லாரியில் இருப்பது போன்ற ஈயமும் அமிலமும் சேர்ந்த பேட்டரி. நன்றாகப் பார்த்துக்கொண்டாலே நான்கைந்து ஆண்டுதான் அதன் ஆயுசு. அதற்குள் சில மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், தகடுகள் கெட்டுவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று திறப்பு விழாவில் நாங்கள் யாரும் சொல்லவில்லை. புதுப் பேட்டரிக்கு மாதம் இத்தனை ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

உங்களிடமும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும், கோபிக்காதீர்கள். பலகை வாங்கக் கொடுப்பவர்கள் நிறைய. அதில் பெயர் எழுதலாம். பேட்டரிக்கு என்று இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஆஸ்பத்திரி என்ற முறையில் எங்களுக்கு விளக்கைவிட இதுதான் பெரிய காரியம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரே சந்தோஷப்படும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து அருவிகளில் தண்ணீர் கொட்டும். அந்த மாதங்களிலேயே எங்கள் குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கு கூடுகிறது. மேட்டிலிருந்து அடித்து வரும் மழைத் தண்ணீர் ஓடையிலும் திறந்த கிணற்றிலும் கலந்துவிடுகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்துப் பிள்ளையைத் தேற்றி அனுப்புகிறோம். அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அதே பிள்ளை மறுபடி வருகிறது.

தண்ணீர் இறைக்கச் சோலார் எப்படி உதவும்? விளக்கு இரவில் எரிய வேண்டும். அதற்குப் பேட்டரி இல்லாமல் முடியாது. பம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. வெயில் இருக்கும்போது இறைத்து மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிட்டால், இரவிலும் விடியலிலும் தண்ணீர் தானாகக் குழாய்க்கு இறங்கி வரும். இங்கே தொட்டிதான் பேட்டரி. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், நான்கு ஆண்டில் சாகவும் சாகாது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். 40 வீடுள்ள குக்கிராமத்தில் 200 பேர் என்றால் 11,000 லிட்டர். 200 அடி ஆழத்திலிருந்து அதை மேலே தூக்குவதற்கு, பம்பில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் போதும். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பலகை 4 யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். ஆக ஒன்றேகால் கிலோவாட் போதும் என்று காகிதம் சொல்லும்.

ஆனால் தென்காசியில் காகிதக் கணக்கு செல்லாது. சாரல் மாதங்களில் நாள் முழுவதும் மேகம் மூடியிருந்தால் பலகை பாதிகூடத் தராது. (அதே காற்றில் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும் என்பது வேறு விஷயம்.) பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆகையால் 2 கிலோவாட்டுக்குக் குறையாமல் போட வேண்டும்; தொட்டியும் இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கும்படி 22,000 லிட்டருக்கு வேண்டும். ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போட்ட திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால், தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் அது நின்றுபோகும்.

1944-ல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நாளில் தண்ணீர் மின்சாரம் கொடுத்தது. இன்றைக்கு மின்சாரத்தைக் கொண்டு தண்ணீர் தேடுகிறோம்.

எல்லா ஊருக்கும் சோலார் பம்பு வேண்டுமா என்றால், வேண்டாம். தென்காசிப் பக்கத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு மின்கம்பி போய்விட்டது. பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீரும் வருகிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை 2016-ல் இலவசமாக்கினார்கள். அதற்குள் அடங்கிவிடும் குடும்பத்துக்குக் கூரைச் சோலாரால் காசு மிச்சமாகப் போவதில்லை. கம்பி எட்டாத தோட்டத்துக் குடியிருப்பு, காட்டு ஓரத்துப் பளியர் வீடுகள், மின்சாரம் வந்தும் அழுத்தம் போதாமல் மோட்டார் எரிந்துபோகும் கடைசிக் கம்பத்து ஊர் போன்ற இடங்களில்தான் இது உண்மையாக உதவும். எங்கள் ஆஸ்பத்திரிக் கூரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்வெட்டுக்கு அது தெரியாது. நகரத்தில் அதிக பில் கட்டும் உங்கள் வீட்டுக்கும் இது நல்லது. 2024-ல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் வீட்டுக் கூரைக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு.

இனி, இறைத்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆழ்குழாயிலிருந்து தெளிவாக வந்தாலும், தொட்டியிலும் ஓட்டைக் குழாயிலும் கிருமி சேர்ந்துவிடும். அதற்குப் பழைய மருந்தே போதும், பிளீச்சிங் பவுடர். நல்ல தரமானதாக இருந்தால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். அந்த 11,000 லிட்டருக்கு 27 அல்லது 28 கிராம், ஒரு கைப்பிடிகூட இல்லை. முதலில் வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து விட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் சரி. இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சின்னக் கருவி இருக்கிறது; எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். மூட்டையைத் திறந்து போட்டால் பவுடரின் வீரியம் காற்றோடு போய்விடும். நாங்கள் பார்த்த ஊர்களில் பாதிக் கோளாறு இந்தத் திறந்த மூட்டைதான்.

குளோரினுக்கு அடங்காத சங்கதி ஒன்று உண்டு, ஃபுளோரைடு. பாறைக்குள்ளிருந்து கரைந்து வருவது. கடையம் வட்டாரத்தில் பிள்ளைகளின் பல்லில் விழும் காவிக் கறையைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது. கொதிக்க வைத்தால் குறையாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். எனவே பலகைக்குப் பணம் கட்டுமுன் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஃபுளோரைடு உள்ள கிணற்றில் சோலார் பம்பு போடுவது, கெடுதலை மலிவாக வீடு சேர்ப்பதாகும்.

பம்பே இல்லாத வீட்டுக்கும் வெயில் உதவும். தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். பெய்ரூட் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டு, பிறகு சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றால் உலகெங்கும் பரப்பப்பட்ட முறை இது. மேகமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். சாரலில் அதையும் நம்ப முடியாது என்பதால், அந்த மாதங்களில் கொதிக்க வைக்கத்தான் சொல்கிறோம்.

தண்ணீர் காரியம் மிஷன்களுக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் ஊழியர்கள், அடிக்கடி உடைந்துபோகும் வார்ப்பிரும்புக் கைப்பம்புகளோடு போராடி, தாங்கக்கூடிய எஃகுப் பம்பை உருவாக்கினார்கள். 1970-களில் யுனிசெப் அதை எடுத்துத் திருத்தி 'இந்தியா மார்க் 2' ஆக்கியது. நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் அடிபம்பு அந்த வம்சம்தான். அது நாடு முழுதும் பரவியதற்கு இரும்பு மட்டும் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ரிப்பேர் செய்யும் ஆளையும் உதிரிப் பாகத்தையும் சேர்த்து யோசித்தார்கள்.

கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியையும் சொல்ல வேண்டும். அந்த ஊர் 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை ஒன்றரைக் கோடிக்கு மேல். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். சும்மா கிடைத்திருந்தால் அத்தனை கவனமாகப் பார்த்திருப்பார்களா என்பது எங்களுக்குச் சந்தேகம்.

ஆகவே இந்த ஆண்டு உங்கள் காணிக்கையை இப்படிப் பயன்படுத்தத் தீர்மானித்திருக்கிறோம். முதலில் அந்த 22 வீட்டுக்கும் புதுப் பேட்டரி. பாதி விலை நம்முடையது. மீதியை வீட்டுக்கு மாதம் 50 ரூபாயாக அவர்களே ஊர்க் கணக்கில் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பேட்டரி பார்க்கவும் குளோரின் சோதிக்கவும் எங்கள் பட்டறையில் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அதன் பின் ஒரே ஒரு ஊருக்குச் சோலார் பம்பும் தொட்டியும். இரண்டு கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வந்த பிறகே எந்த ஊர் என்று சொல்வோம். வைகாசிக்குள் தொட்டி வேலை முடிந்தால்தான் சாரலுக்கு முன் குழாய் திறக்க முடியும்.

திறப்பு விழா வைக்கப் போவதில்லை. மூன்றாம் ஆண்டு போய்ப் பார்த்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று எண்ணி இதே மடலில் எழுதுகிறோம். பாட்டி வத்தல் காயப் போட ஒரு நல்ல பாயும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது கணக்கில் 'இதர செலவு' என்று இருக்கும்.