பல்லைக் கடித்து மலையேறும் இரயில்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்தில் வருபவர்கள் அந்தச் சாலையின் வளைவுகளை எளிதில் மறக்கமாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள இச்சிற்றூருக்கு இரயில் இல்லை. இருப்புப்பாதை மலையடிவாரத்தில் உள்ள தாப்பா ரோடு நிலையத்தைத் தொட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. 1930களின் தொடக்கத்தில் கேமரன் மலைக்குச் சாலை அமைந்தபோது மோட்டார் வண்டிகள் புழக்கத்துக்கு வந்திருந்தன. மலைமேல் தண்டவாளம் போட வேண்டிய தேவை எழவில்லை.

தமிழ்நாட்டிலுள்ள நீலகிரி மலையின் கதை வேறு. அங்கும் குளிர், மூடுபனி, தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால், ஆங்கிலேயர் அங்கே குடியேறத் தொடங்கியது மோட்டார் வண்டி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக உதகமண்டலம் விளங்கியது. அடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து அதிகாரிகளும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும்தான் மேலே போக வேண்டியிருந்தது.

மலைக்கு இரயில் விடும் யோசனை 1854ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டது. எனினும், வேலை தொடங்கியது 1891இல்தான். பொறுப்பேற்ற முதல் நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கிக் கலைக்கப்பட்டது. அடுத்து வந்த நிறுவனம் பணியைத் தொடர்ந்து, 1899இல் குன்னூர் வரை இரயிலை ஓடவிட்டது. பாதை உதகமண்டலத்தை எட்டியது 1908இல். யோசனைக்கும் நிறைவுக்கும் இடையே 54 ஆண்டுகள்!

இவ்வளவு காலம் பிடித்ததற்குப் பணம் மட்டும் காரணமன்று. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் ஏறத்தாழ 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இரயில் ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். வழியில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்க வழிகள். மிகச் செங்குத்தான பகுதியில் ஏறத்தாழ 12 மீட்டர் முன்னே சென்றால் பாதை 1 மீட்டர் உயர்ந்துவிடும். சாலையில் ஓடும் காருக்கு இது பெரிதில்லை. இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும் இரும்புச் சக்கரத்துக்கோ பிடிமானம் மிகக் குறைவு. மழை பெய்தால் அதுவும் போய்விடும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், அல்லது இரயில் பின்னோக்கி வழுக்கும்.

இச்சிக்கலுக்கு விடை சுவிட்சர்லாந்திலிருந்து கிடைத்தது. ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்படுகின்றன. இயந்திரத்தின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அப்பற்களைக் கவ்விப் பிடித்தபடி ஏறுகின்றன. ஏணிப்படியில் காலை ஊன்றி ஏறுவதைப் போன்றதுதான் இது. ஆப்டின் நுட்பம் ஒரு சிறிய செயலில் இருக்கிறது. இரண்டு சட்டங்களின் பற்களையும் அவர் நேருக்கு நேராக வைக்கவில்லை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளி வைத்தார். அதனால், ஒரு பல் விடுபடும் வேளையில் இன்னொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி ஒரு நொடிகூட நழுவாது.

இந்தப் பற்சட்டம் கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூர் வரை மட்டுமே உண்டு. இப்பகுதியில் இரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. நீராவி இயந்திரத்தில் நான்கு உருளைகள் உள்ளன. சமதளத்தில் இரண்டு உருளைகளே சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டப் பகுதி வந்ததும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டு உருளைகளுக்குள் புகுந்து பல்சக்கரங்களை இயக்கும்.

மலையேறும்போது இயந்திரம் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிகளை இணைக்கும் கொக்கி அறுந்தாலும் அவை கீழே உருண்டோடாமல் தாங்குவதற்கே இந்த ஏற்பாடு. ஆனால், பின்னாலிருக்கும் ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக் ஊழியர் நிற்கிறார். முதற்பெட்டியில் நிற்பவர் பாதையைக் கவனித்துக் கொடி காட்டுகிறார். விசில் ஒலி கேட்டதும் மற்றவர்கள் கைப்பிடியைத் திருகித் தத்தம் பெட்டியின் பிரேக்கை இறுக்குகின்றனர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வேலையை மனிதரே செய்கின்றனர்.

காலை ஏழு மணியளவில் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் இரயில் நண்பகல் வேளையில் உதகமண்டலம் சேர்கிறது. இடையிடையே நின்று தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். நீராவி வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டுமே! குன்னூரில் நீராவி இயந்திரம் விடைபெறுகிறது. அதற்குமேல் ஏற்றம் சற்றுக் குறைவு. டீசல் இயந்திரமே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் பெட்டிகளைக் கொண்டு செல்கிறது.

2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் நீலகிரி மலை இரயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் இரயில் 1999இலேயே இப்பெருமையைப் பெற்றிருந்தது. அருங்காட்சியகத்தில் நிற்கும் இயந்திரத்தைத் துடைத்து வைத்தால் போதும். நாள்தோறும் ஓடும் இயந்திரத்தைக் காப்பது அப்படியன்று. இதன் பழைய இயந்திரங்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவற்றின் உதிரிபாகங்களைக் கடையில் வாங்க முடியாது. தேய்ந்த பல்லுக்குப் புதுப் பல்லைத் தாங்களே வடித்தெடுக்க வேண்டும். திருச்சிராப்பள்ளியிலுள்ள பொன்மலைப் பணிமனை இதே வகையைச் சேர்ந்த புதிய நீராவி இயந்திரங்களையும் கட்டிக் கொடுத்திருக்கிறது.

நிலக்கரியில் ஓடிய இயந்திரங்கள் பல பின்னர் எண்ணெயில் ஓடுமாறு மாற்றப்பட்டன. நிலக்கரிப் பொறி பறந்து காய்ந்த காட்டில் தீப்பிடிக்கும் அச்சம் அதனால் குறைந்தது. பழைமை கெட்டுவிட்டதே என வருந்தியவர்களும் உண்டு. ஆனால், காடு எரிந்தபின் இரயில் மட்டும் எதைக் காட்டப் போகிறது? அந்தக் காடு யானைகளின் வழித்தடமும்கூட. ஹில்குரோவ் அருகே பாதையோரத்தில் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரால் யானைகள் கடக்க முடியாமல் தவித்ததைக் காட்டும் காணொலி 2022இல் பரவியது. அதன்பின் அச்சுவர் இடிக்கப்பட்டது.

மண்சரிவு இன்னொரு தொல்லை. கேமரன் மலைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் பாறைகளும் மரங்களும் பாதையில் சரிந்து விழுகின்றன. இரயில் சில நாள், சில வேளைகளில் வாரக்கணக்கில் நிறுத்தப்படுகிறது. அப்போது சுற்றுப்பயணிகள் பேருந்து ஏறிப் போய்விடுவார்கள். ஊழியர்கள் மழையில் நனைந்தபடி பாறைகளை அகற்றுவார்கள். பிறகு பற்சட்டத்தில் எந்தப் பல்லும் உடையவில்லை, வளையவில்லை, இடுக்கில் கல் எதுவும் சிக்கவில்லை என்று சோதித்த பின்னரே மீண்டும் இரயிலை மேலே விடுவார்கள்.